ஆருக்குக் கவனம் என்று கேட்டவர்

கோட்டு முதலியார் நாகமுத்து அவர்கள் காலமாகிவிட்டார் என்ற செய்தி, வவுனியாவிலிருந்து காலையில் வரும் முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஒரு புரொக்டர், வழக்குப் பேசும் சட்டத்தரணி. கறுப்புக் கோட்டை இன்னும் மாட்டாமல் கையில் மடித்து வைத்தபடி எங்கள் கோட்டுக் கந்தோர் வாசலில் நின்றார்.

"சிவகுரு, உம்மடை முதலியார் போயிட்டாரப்பா. நேற்றுப் பின்னேரம் கோட்டாலை வந்து கதிரையிலை இருந்தவராம். மனிசி தேத்தண்ணியோடை வாறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சுது."

நான் அப்போது ஒரு வழக்கின் தடயப் பொருட்களுக்குப் பெயர்த்துண்டு கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அதையும் அவிழ்த்தேன். புரொக்டர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவரை அறிந்தவர்கள் வன்னியில் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லவேண்டியது அதிகமில்லை. அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்திலும், நீதவான் ஆங்கிலத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழிலும் மாற்றிச் சொல்பவரே கோட்டு முதலியார். நீதவான் எழுதிக்கொள்வது சாட்சியின் சொல்லை அல்ல, முதலியாரின் சொல்லை. சாட்சி என்ன சொன்னார் என்பது கூரையில் பட்டுக் கலைந்துவிடும். முதலியார் என்ன சொன்னார் என்பது ஏட்டில் நிற்கும். ஆளை மறியல் என்ற சிறைக்கு அனுப்புவதும் வீட்டுக்கு அனுப்புவதும் அந்த ஏடுதான்.

அவர் யாழ்ப்பாணத்து ஆள். முல்லைத்தீவுக் கோட்டுக்கு மாற்றலாகி வந்தபோது நான் அங்கே கிளாக்கராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர். எங்கள் ஊரான தண்ணீரூற்றிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினார். காலையில் இருவரும் சைக்கிளில் ஒன்றாகக் கோட்டுக்குப் போவோம். போகும் வழியெல்லாம் சண்டை பிடிப்போம். அவருக்கு யானைக்குப் பயம், எனக்கு அவருடைய ஆங்கிலத்துக்குப் பயம். இரண்டையும் ஒருவருக்கொருவர் குத்திக்காட்டாத நாளில்லை.

அவரிடம் நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று இருந்தது. அதில் வேறெதுவும் இல்லை, கவனம் பற்றிய சொற்கள் மட்டுமே. இடப்பக்கத்தில் தமிழ்: கவனமாய், பக்குவமாய், பதனமாய், அவதானமாய், நிதானமாய், பாத்து, மெள்ள. வலப்பக்கத்தில் ஆங்கிலம். கோட்டுக்கு வருகிற சண்டை, விபத்து, காயம் எல்லாவற்றிலும் கடைசியில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான், நீ கவனமாக இருந்தாயா இல்லையா என்று. ஆகவே அந்த ஒரு சொல்லைப் பிழையில்லாமல் மாற்றத் தெரிந்தால் முதலியார் வேலையில் பாதி தெரிந்ததாகும் என்பது அவருடைய கொள்கை.

"கெயர்புல்லி எண்டால் கண் வேலையிலை," என்பார். "கோஷஸ்லி எண்டால் கண் ஆபத்திலை. வெயரிலி எண்டால் கண் மற்ற ஆளின்ரை முகத்திலை. ஜிஞ்சர்லி எண்டால் கண்ணுக்கு வேலையில்லை, விரல் நுனிதான்."

ஒருமுறை முல்லைத்தீவுக் கடைத்தெருவில் லாம்புச் சிமினி வாங்கப் போனோம். கடைக்கார முஸ்லிம் அண்ணர், எல்லோருக்கும் காக்கா, வைக்கோலுக்குள்ளிருந்து சிமினியை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். முதலியார் வாங்கவில்லை. "காக்கா, திருப்பி வைச்சுப்போட்டு இன்னொருக்கா எடுங்கோ பாப்பம்," என்றார். காக்காவும் பொறுமையாக எடுத்தார். மூன்றாம் தரம் கேட்டபோது, "முதலியார், இது உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு," என்றார் காக்கா. முதலியார் அந்த இடத்திலேயே கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். நான் வெட்கத்தில் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்படிப்பட்டவர் ஒரு பிழை விட்டார். அந்தப் பிழையைப் பற்றித்தான் நான் எழுதவேண்டியிருக்கிறது. இறந்தவரின் பிழையை அஞ்சலியில் எழுதுவது மரியாதையா என்று கேட்பவர்கள், முடிவுவரை பொறுத்துக்கொள்ளவேண்டும்.

புதுக்குடியிருப்புக்கு மேற்கே, காட்டோரத்தில் பற்றை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்தவர் கதிரவேலு. குரக்கன் கதிர் தள்ளும் காலத்தில் பன்றி இறங்கும். அதற்காக அவர் கட்டுத்துவக்கு கட்டினார். துவக்கு என்ற துப்பாக்கியை ஒரு மரத்தோடு கட்டி, அதன் விசையிலிருந்து ஒரு நூலைப் பன்றி வரும் வழிக்குக் குறுக்கே இழுத்துவிடுவது. நூல் இடறினால் வெடிக்கும். விடிந்ததும் வந்து அவிழ்க்கவேண்டும். அன்று அவர் வந்து அவிழ்ப்பதற்குள், வெளியூரிலிருந்து வந்து இரணைமடுப் பக்கம் புதிதாகக் குடியேறிய ஒருவர், உறவுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில், மண்சுவருக்கு வரிச்சுத்தடி வெட்டவென்று அந்த வழியால் காட்டுக்குள் போனார். நூலை இடறினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார்.

வழக்கு வந்த அன்று காலை, அந்தத் துவக்கைத் தடயப் பொருளாக மேசையில் வைத்து நான் துண்டு எழுதினேன். கோஷஸ்லி கையாளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். முதலியார் வந்து குனிந்து வாசித்தார். பக்கத்தில் புரொக்டர்மார் மூன்றுபேர் நின்றார்கள்.

"என்ன காணும் இது? மருந்துமில்லை, ரவையுமில்லை. செத்த பாம்புக்குப் பயந்து நிக்கிறீரோ? கெயர்புல்லி எண்டு போடும்."

புரொக்டர்மார் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், "வன்னி இங்கிலீஷ் அப்பிடித்தான்," என்றார். அதற்கு முதலியாரும் சிரித்தார். எனக்கு முகம் கொதித்தது. துண்டைக் கிழித்துப் புதிதாக எழுதினேன்.

கதிரவேலுவுக்குப் புரொக்டர் பிடிக்க வசதியில்லை. துவக்குக் கட்டியது நான்தான் என்று வந்தவுடனேயே ஒப்புக்கொண்டார். கட்டுத்துவக்கு கட்டுவது குற்றந்தான், அதில் கேள்வியில்லை. தண்டப்பணத்தோடு விடுவதா, மறியலா என்பதுதான் மிச்சம். நீதவான் அதற்காக ஒரேயொரு கேள்வி கேட்டார்: ஆட்கள் நடமாடும் வழியில் இப்படி ஒன்றைக் கட்டும்போது நீ என்ன கவனம் எடுத்தாய்?

முதலியார் அதைத் தமிழில் கேட்டார். கதிரவேலு கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கவனமாத்தான் ஐயா கட்டினனான். குழையும் கட்டினனான்."

முதலியார் ஆங்கிலத்தில் சொன்னார்: கெயர்புல்லி கட்டினேன், இலைக் கொப்புகளும் கட்டினேன்.

நீதவான் நிமிர்ந்து பார்த்தார். பன்றியின் கண்ணுக்குத் தெரியாதபடியா என்று கேட்டார். முதலியார் அதையும் தமிழில் கேட்டார்.

"ஓம் ஐயா. துவக்கைக் கண்டால் பண்டி வராதெல்லோ. குழை..." என்று கதிரவேலு தொடங்கினார்.

"காணும், காணும், நிப்பாட்டும்," என்றார் முதலியார். நீதவானின் பேனை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

வன்னியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. கட்டுத்துவக்கு கட்டுகிறவர், வழியின் இரண்டு பக்கத்திலும் ஆள் நெஞ்சுயரத்தில் பச்சைக் குழையை முறித்துத் தலைகீழாகக் கட்டிவிடுவார். துவக்கை மறைப்பதற்கல்ல. மனிதனே, இங்கால் வராதே என்று சொல்வதற்கு. பன்றி குனிந்து வரும், குழையைக் காணாது. மனிதன் நிமிர்ந்து வருவான், காணுவான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதலியாருக்கு அது தெரியாது. கொழும்பிலிருந்து வந்த நீதவானுக்கும் தெரியாது. புரொக்டர்மாரும் வெளியூரார், பின்னால் நின்ற சனத்துக்கு ஆங்கிலம் விளங்காது. குழையும் தெரிந்து, சொல்லவும் இடமிருந்தவர்கள் அன்று அந்த மண்டபத்தில் இரண்டே பேர். ஒருவர் கூண்டில் நின்றார். மற்றவன் கூண்டுக்குப் பின்னால் கிளாக்கர் மேசையில் இருந்தான்.

முதலியாருக்கு ஐயம் வந்தால் கிளாக்கர் துண்டுக் கடதாசியில் எழுதி அனுப்பும் வழக்கம் எங்கள் கோட்டில் இருந்தது. நான் பென்சிலை எடுத்தேன். குழை என்று ஒரு சொல் எழுதினேன். பிறகு வைத்துவிட்டேன். பயத்தால் அல்ல. கொப்பி வைத்திருக்கிறார்தானே, அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். என் துண்டைக் கிழிக்கவைத்தவர் இன்று தானே சறுக்குவதைப் பார்க்க உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு மனிதனுடைய வாழ்க்கை அந்தக் கடதாசித் துண்டில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. அதைப் பெரிதாக எண்ணவில்லை, அவ்வளவுதான்.

கவனமாகக் கட்டி, கவனமாக மறைத்த மரணப்பொறி என்று தீர்ப்பில் எழுதினார் நீதவான். ஒன்றரை வருட மறியல். கதிரவேலுவுக்கு அது விளங்கவே நேரம் எடுத்தது. பொலிஸ்காரர் கையைப் பிடித்தபோது அவர் முதலியாரைத்தான் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேன் வாங்கவென்று காட்டோரக் கிராமமொன்றுக்கு நானும் முதலியாரும் சைக்கிளில் போனோம். குறுக்குப் பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். தலைகீழாகத் தொங்கிய ஒரு குழையைக் கையால் விலக்கிக்கொண்டு அடியெடுத்து வைக்கப்போனார்.

"முதலியார், நில்லுங்கோ!"

நான் பாய்ந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சைக்கிளோடு விழுந்தோம்.

"அதிலை கட்டுத்துவக்கு கிடக்கு," என்றேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"குழை கட்டியிருக்குத்தானே."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அவர் மண்ணில் இருந்தபடியே அந்தக் குழையைப் பார்த்தார்.

"அண்டைக்கு அந்த மனிசன் சொன்ன குழை இதுதானோ?"

"ஓம்."

"நீர் அண்டைக்கு மேசையிலை இருந்தனீர்."

"ஓம்."

"இதைத் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீர்?"

நான் விழுந்துகிடந்த சைக்கிளை நிமிர்த்தினேன். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு சொன்னார்:

"செத்த மனிசனும் நானும் ஒரே குழையைத்தான் வாசிக்கத் தெரியாமல் நிண்டனாங்கள். அவனுக்கு உயிர் போச்சு. எனக்குப் பதிலாய் வேறை ஒருத்தன் மறியலிலை கிடக்கிறான்."

தேன் வாங்காமலே திரும்பினோம்.

அப்போது மேன்முறையீட்டுக்குரிய நாட்கள் கழிந்துவிட்டன. ஆனாலும் அவர் நீதவானுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று நாள் எழுதினார். கெயர்புல்லி என்று நான் சொன்னது பிழை, கோஷஸ்லி என்று சொல்லியிருக்கவேண்டும், அந்த மனிதனின் கண் வேலையில் இருக்கவில்லை, பிறருக்கு வரக்கூடிய ஆபத்தில் இருந்தது, இலைக் கொப்பு மறைப்பதற்கல்ல, எச்சரிப்பதற்கு என்று விவரமாக எழுதினார். வழக்கன்று காலையில் என் துண்டில் அவர் வெட்டச்சொன்ன சொல்லையே மத்தியானம் அவர் சொல்லியிருக்கவேண்டும். அதை என்னிடம் அவரே சொன்னார், நான் சொல்லிக்காட்டவில்லை. கடிதத்தின் அடியில் கையெழுத்துக்கென்று இரண்டு கோடு இழுத்திருந்தார்.

"நான் யாழ்ப்பாணத்தான். வழக்கம் இப்பிடித்தான் எண்டு நான் சொன்னால் ஆர் நம்புவினம்? நீர் இந்த மண்ணிலை பிறந்தனீர். ரெண்டாவது கோட்டிலை ஒரு கையெழுத்து வையும்."

"எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை, முதலியார்," என்றேன்.

அது உண்மைதான். அன்று ஏன் சொல்லவில்லை என்று நீதவான் கேட்டால் நான் என்ன சொல்லுவது என்ற பயமும் உண்மைதான். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெயரிலி என்று அவர் சொல்வாரே, அப்படி நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப சரி," என்றார். "இடத்தை விட்டுவைக்கிறன்."

தனியாகவே கையெழுத்து வைத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. முடிந்த வழக்கு முடிந்ததே. முதலியார் இனிமேல் கவனமாக இருக்கவேண்டும். அவருடைய உத்தியோகக் கோவையிலும் அது ஏறியது. அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டிச் சிரித்தார்.

"பாரும், கெயர்புல் எண்டுதான் போட்டிருக்கு. கண்ணை வேலையிலை வையெண்டு. நான் அண்டைக்குக் கண்ணை வேலையிலை வைச்சதாலைதான் காணும் எல்லாம் பிழைச்சது."

அதன்பிறகு அவர் வேலை செய்யும் விதமே மாறிப்போயிற்று. எந்தச் சாட்சியாவது கவனமாய் என்ற சொல்லைச் சொன்னால், ஆங்கிலத்தில் மாற்றமாட்டார். நீதவானிடம் அனுமதி கேட்டு, சாட்சியின் பக்கம் திரும்பி, "ஆருக்குக் கவனம்?" என்று கேட்பார். வண்டில் ஓட்டியவரிடமும் கேட்டார், கிணறு வெட்டியவரிடமும் கேட்டார், கணவனுக்குத் தெரியாமல் கதவைச் சாத்திய ஒரு பெண்ணிடமும் கேட்டார். அவா அழத் தொடங்கிவிட்டா. வழக்குகள் இழுபட்டன. நீதவான்கள் முகம் சுளித்தார்கள். புரொக்டர்மார் அவருக்கு 'ஆருக்கு முதலியார்' என்று பட்டம் வைத்தார்கள். நீலக் கொப்பியை அவர் மறுபடி எடுத்ததை நான் காணவில்லை.

கதிரவேலு மறியலால் வந்தார் என்று கேள்விப்பட்டவுடன் முதலியார் அவரைப் பார்க்கப் புறப்பட்டார். என்னையும் வரச்சொன்னார். கதிரவேலு என்னை முன்பு கண்டதில்லை. கிளாக்கர் மேசை கூண்டுக்குப் பின்னால். சிநேகிதர் என்று மட்டும் அறிமுகப்படுத்தினார் முதலியார். சேனை இருந்த இடத்தில் பற்றை மூடியிருந்தது. முற்றத்தில் நின்றபடியே முதலியார் எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு தடுமாறி அவர் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

கதிரவேலு நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் உள்ளுக்கை இருக்கேக்கை அம்மா செத்துப்போனா," என்றார். "கொள்ளி வைக்க விடேல்லை. சரி ஐயா, உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வெளியூர். ஆனால் அண்டைக்கு அவ்வளவு சனம் இருந்ததே. குழை எண்டால் என்னெண்டு தெரிஞ்ச ஒருத்தரும் அங்கை இருக்கேல்லையோ?"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். முதலியார் என் பக்கம் திரும்பவில்லை.

"இருக்கேல்லை," என்றார்.

பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதையே தொழிலாகக் கொண்ட மனிதர் அவர். நான் அறிய அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். திரும்பி வரும் வழியில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ஒண்டும் கதைக்காதையும்," என்றார். அந்த வருடமே அவரை வவுனியாவுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டோம். அந்த விஷயத்தை இருவரும் தொடவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகியது.

வவுனியாவில் செத்தவீட்டுக்கு நான் போனபோது பிரேதத்தை எடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். வாசலில், கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டையோடு கதிரவேலு நின்றார். பாடையில் ஒரு பக்கத்தை அவரும் பிடித்தார். எல்லாம் முடிந்து நான் புறப்படும்போது முதலியாரின் மனைவி என்னை உள்ளே அழைத்து, அலுமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்துத் தந்தா.

"தம்பி, உமக்குத் தரச்சொல்லிக் கனகாலத்துக்கு முந்தியே சொல்லிவைச்சவர். என்னெண்டு எனக்குத் தெரியாது."

அன்று நீதவானுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. முதலாவது கோட்டில் அவருடைய கையெழுத்து. இரண்டாவது கோடு வெறுமையாக இருந்தது. துண்டோ, குறிப்போ, வேறொன்றும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கதிரவேலு என் பக்கத்தில் இருந்தார். வழியெல்லாம் முதலியாரைப் பற்றியே கதைத்தார். மறியலால் வந்த பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் முதலியார் அவருக்குக் கடிதம் போட்டாராம்; அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கொண்டு வாசிப்பித்தாராம். புதுக்குடியிருப்பில் அவர் இறங்கவேண்டும். பஸ் நின்றது. எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "கவனமாப் போங்கோ, ஐயா," என்றார்.

நானும் அவரோடு இறங்கினேன். பஸ் போய்விட்டது.

"கதிரவேலு, அண்டைக்குத் தெரிஞ்ச ஒருத்தன் கோட்டிலை இருந்தவன்," என்றேன். "உங்களுக்குப் பின்னாலை, மேசையிலை. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டில் எழுதிய சொல்லையும், அதை அனுப்பாத காரணத்தையும் சொன்னேன். காரணத்தைச் சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு அற்பம் என்று கேட்டது. அவர் பையை நிலத்தில் வைத்தார். பிறகு எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த மனிசன் எனக்குப் பொய் சொன்னவர்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். கிடைத்திருந்த ஒரு நல்ல மனிதரையும் அவரிடமிருந்து நான் பறித்துவிட்டேனோ என்று அன்றிலிருந்து மனம் அரிக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கதிரவேலு இதை யாரையாவது கொண்டு வாசிப்பிக்கவேண்டும். அந்தப் பொய் அவரை ஏமாற்றச் சொன்னதல்ல. அதைச் சொன்ன வேளையில் "ஆருக்குக் கவனம்?" என்று முதலியாரை யாராவது கேட்டிருந்தால், அவர் வாய் திறந்திருக்கமாட்டார். நான் சொல்லுகிறேன்: எனக்கு. என்னுடைய வேலைக்கு, என்னுடைய மானத்துக்கு. தகுதியில்லாத ஒருவனுக்கு.

முதலியார், இந்தக் கட்டுரை வெளிவந்தால் கந்தோரில் என்னிடம் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். நீதவானுக்கு எழுதிய கடிதத்துக்கு இனிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நேற்று அதை மேசையில் விரித்து, நீங்கள் விட்டுவைத்த இடத்தில் பெயரை எழுதினேன். எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. போய்வாருங்கள். இங்கேயும் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

வேலுப்பிள்ளை சிவகுரு
கிளாக்கர், தண்ணீரூற்று